எஸ்ஜிபிடி நார்மல்னா கூல்டிரிங்ஸ் குடிக்கலாமா?

"லிவர் என்சைம் நார்மல்தானே" என்று தைரியமாகக் குடிப்பவர்கள் நிறையப் பேர். ரிப்போர்ட்டில் வரும் எஸ்ஜிபிடி, கல்லீரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் கசிவது. கொழுப்புக் கல்லீரல் உள்ள பலருக்கும் அது நார்மலாகவே இருக்கும். சர்க்கரையைக் கையாளும் நொதிகள் (என்சைம்கள்) வேறு. அவற்றை வழக்கமான டெஸ்ட் எதுவும் அளப்பதில்லை.

சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். குளுக்கோஸை உடல் முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும். கல்லீரலிலும் அதன் வழியில் பாஸ்போபிரக்டோகைனேஸ் என்ற நொதி காவல் நிற்கிறது. ஆற்றல் போதுமென்றால் வழியை அடைத்துவிடும். பிரக்டோஸ் அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. கீட்டோஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்துப் பாஸ்பேட் ஒட்டும், அடுத்து ஆல்டோலேஸ் பி என்ற நொதி இரண்டாக வெட்டும். கீட்டோஹெக்சோகைனேஸுக்குப் போதும் என்பதே தெரியாது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்று செலவு. ஒரே நேரத்தில் நிறைய வந்தால் ஏடிபி சட்டென்று இறங்கும். அதில் மிஞ்சும் ஏஎம்பி சிதைந்து யூரிக் அமிலமாகும். யூரிக் அமிலம் மூட்டில் படியும் கவுட் இருப்பவர்கள் பீரை மட்டும் நிறுத்திவிட்டு கோலாவைத் தொடர்வது அதனால்தான் வீண்.

வெட்டிய துண்டுகளில் ஒரு பங்கு கொழுப்பாகிறது. அதைவிட மோசம், கொழுப்பு உருவாகும்போது வரும் மலோனைல் கோஏ என்ற பொருள், இருக்கிற கொழுப்பு எரிவதையும் தடுக்கிறது.

கீட்டோஹெக்சோகைனேஸ் பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிரக்டோஸ் சிறுநீரில் கொஞ்சம் போகும், பாதிப்பு இல்லை. ஆல்டோலேஸ் பி இல்லாத குழந்தைக்கோ முதன்முதலாகப் பழச்சாறோ சர்க்கரையோ கொடுத்ததும் வாந்தி, ரத்தச் சர்க்கரை வீழ்ச்சி. தொடர்ந்து கொடுத்தால் கல்லீரலே கெடும். முதல் நொதி வேலையைத் தொடங்கிவைக்க, இரண்டாவது இல்லாமல் எல்லாம் அங்கேயே தேங்குவதுதான் காரணம்.

ஒரு ஆப்பிளில் பிரக்டோஸ் சுமார் 10 கிராம். மென்று, நாரோடு, மெதுவாக இறங்கும். கோலாவில் 100 மில்லிக்குச் சர்க்கரை 10 முதல் 11 கிராம். 600 மில்லி பாட்டில் என்றால் 60 கிராமுக்கு மேல். பாதி பிரக்டோஸ், பத்தே நிமிடத்தில் உள்ளே. நாட்டுச் சர்க்கரை, கரும்புச்சாறு, நன்னாரி சர்பத் எதுவானாலும் கீட்டோஹெக்சோகைனேஸுக்கு ஒரே கணக்குதான். "இயற்கை" என்ற சொல்லைக் கல்லீரல் படிப்பதில்லை.

லேபிளில் "ஒரு சர்விங்" என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். 100 மில்லி கணக்கை எடுத்து, நீங்கள் குடிக்கும் அளவோடு பெருக்குங்கள். தாகத்துக்கு நீர்மோரோ, உப்பு மட்டும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோ போதும்.