இருபது வயதில் கொரிய ஐ க்ரீம்: பரவும் தகவல் சரியா?

"இருபது வயதிலேயே கொரிய ஐ க்ரீம் (கண்ணைச் சுற்றிப் பூசும் க்ரீம்) பூசினால் பின்னாளில் சுருக்கமே விழாது, கொரிய அரசே சான்று தருகிறது" என்று பரவும் தகவல் தவறானது. தென் கொரியாவின் உணவு, மருந்துப் பாதுகாப்பு அமைச்சகம் செயல்பாட்டு அழகுசாதனங்களுக்கு (சுருக்கம் குறைத்தல் போன்ற குறிப்பிட்ட பயனுக்கானவை) ஏற்பது, சுருக்கத்தைக் குறைக்க உதவும் என்ற அளவிலான வாசகத்தையே தவிர, சுருக்கம் வராது என்ற உறுதியை அன்று. அதற்கென ஏற்கப்பட்ட மூலப்பொருள்களுள் ஒன்றான அடினோசின், 0.04 சதவீத அளவில், க்ரீமிலும் இருக்கலாம், சீரத்திலும் இருக்கலாம் என்பதால், ஒப்பிட வேண்டியது பெயரை அல்ல, பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ள பட்டியலை.

இளம் சருமத்தில் கண்ணோரம் தெரியும் மெல்லிய கோடுகள் பல நேரம் வறட்சியால் வருபவை; சாதாரண மாய்ஸ்சரைசரிலேயே அவை மங்கிவிடும். ரெட்டினால் என்னும் வைட்டமின் ஏ வகை கலந்த க்ரீமை மெல்லிய இமைத்தோலில் பூசினால் எரிச்சலும் தோலுரிதலும் நேரலாம் என்பதே எனக்குக் கவலை தருகிறது. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். வெயிலால் வரும் சுருக்கத்தைத் தள்ளிப்போடுவது நாள்தோறும் பூசும் சன்ஸ்கிரீன்தான்.