பாட்டுத் திருட்டுக்கு யார் பொறுப்பு?

பதிவிறக்குபவர்களைப் பிடித்துத் தண்டித்தால் பாட்டுத் திருட்டு நின்றுவிடும் என்று இன்னமும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அமெரிக்க இசை நிறுவனங்கள் 2003 முதல் சில வருடம் அதைத்தான் செய்தன. ஆயிரக்கணக்கானோர் மீது வழக்கு. 24 பாடல்களுக்காக ஒரு பெண்மணிக்கு 2009இல் நடுவர் குழு விதித்த இழப்பீடு 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர்! கடைசியில் அது 2,22,000 டாலராகக் குறைந்தது. அதையுமே ஒரு சாதாரணக் குடும்பம் எங்கே போய்ப் புரட்டும்? திருட்டும் நின்றபாடில்லை.

கேட்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டை வைத்து யார் சம்பாதிக்கிறாரோ அவர்தான் முதல் பொறுப்பாளி. அதாவது யூடியூப் போன்ற தளங்கள்.

1998இல் வந்த அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற இணையக் காப்புரிமைச் சட்டம், யாரோ ஏற்றிய பாட்டுக்குத் தளம் பொறுப்பில்லை, புகார் வந்ததும் நீக்கினால் போதும் என்றது. ஏற்றியதை அப்படியே வைத்திருக்கும் கிடங்குக்கு அது சரி. இன்றைய தளம் கிடங்கா? அடுத்து எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று அதுவே முடிவு செய்கிறது, நடுவில் விளம்பரம் போட்டுக் காசும் பார்க்கிறது.

தனியாளாகப் பாட்டுச் செய்பவரின் நிலைமையைப் பாருங்கள். திருட்டுப் பிரதியின் இணைப்பு, அசல் எது என்ற விவரம், உறுதிமொழி, கையொப்பம் என்று படிவம் நிரப்பி அனுப்புவார். நீக்குவார்கள். மறுநாள் அதே பாட்டு, சுருதியை லேசாக ஏற்றி, வேறு படம் ஒட்டி, வேறு பெயரில் வந்து நிற்கும். மறுபடி படிவம். ஏற்றியவர் மறுப்பு அனுப்பிவிட்டால், 10 முதல் 14 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். இல்லையென்றால் பாட்டு திரும்ப மேலே வந்துவிடும். மெட்டுப் போட வேண்டியவர் வக்கீலைத் தேடி அலைவதா?

தளங்களால் முடியாத வேலையும் இல்லை இது. ஏற்றப்படும் ஒலியை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியை யூடியூப் 2007இலேயே கொண்டுவந்தது. ஆனால் அது நேரடியாகக் கிடைப்பது பெரிய தொகுப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் போட்ட காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உரிமம் வாங்க முயன்றோம், திருட்டைத் தடுக்க முயன்றோம் என்று காட்டும் வேலையைத் தளங்களின் தலையில் வைத்தது. எல்லா நாட்டுச் சட்டமும் அந்தப் பக்கம் வர வேண்டும்.

இயந்திரம் தப்பாக வெட்டிவிடும் என்ற பயமும் நியாயமானதுதான். காப்புரிமைக் காலம் முடிந்துபோன பழைய இசையை ஒருவர் தானே வாசித்து ஏற்றினாலும், வேறு யாருடைய ஒலிப்பதிவோ என்று முடக்கிவிடுகிறது. அதற்கும் தளமே ஆள் போடட்டும். பாட்டைக் காதால் கேட்டுப் பார்த்துப் பதில் சொல்கிற மனிதர்கள் வேண்டும். சம்பளம் அந்த விளம்பரக் காசிலிருந்தே போகட்டும்.