தறப்பாளும் காப்பாற்றவில்லை

அப்பா விட்டுப்போன ஒஸ்ரின் ஏ 60 காரை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து வெயிலோடு நான் படுகிற பாடு சொல்லி மாளாது. 1961 முதல் 1969 வரை வந்த வகை. இப்போதைய கார்களைப் போல நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத காப்புப் பூச்சு கிடையாது. வெயில் நேரே நிறத்தையே தின்கிறது. துடைத்தால் துணி நீலமாகிறது, பொனற், அதுதான் எஞ்சின் மூடி, சுண்ணாம்பு பூசினது போல வெளிறிக் கிடக்கிறது. சரி, தறப்பாளால் மூடலாம் என்றால் சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, விடுகிறதா? அடியில் புகுந்த செம்மண் தூசியோடு தறப்பாள் படபடவென்று அடித்து, கதவெல்லாம் மெல்லிய கீறல். வேம்புக்குக் கீழே விட்டால் காகம். எச்சத்தை உடனே நனைத்து எடுக்காவிட்டால் தழும்பே விழுந்துவிடும். மாசியில் போட்ட மெழுகும் போய்விட்டது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் அப்படியே பரவுகிறது. கிடுகுக் கொட்டில் போடக் கேட்டால் நாளைக்கு, நாளைக்கு என்கிறார்கள். அதற்குள் கூரையின் நிறமும் போகப்போகிறது.