நகாடாவுக்கு முன்பே ஒகுடேரா
'ஐரோப்பாவில் ஜப்பானியக் கால்பந்து வீரர்களுக்குக் கதவைத் திறந்தவர் நகாடா' என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நகாடா இத்தாலியின் பெருஜியா அணிக்குப் போனது 1998-ல். யாசுஹிகோ ஒகுடேரா 1977-லேயே ஜெர்மனியின் கொலோன் அணியில் சேர்ந்துவிட்டார். அதுவும் ஃபுருகாவா எலக்ட்ரிக் என்ற கம்பெனி அணியிலிருந்து! முதல் சீசனிலேயே ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகா, ஜெர்மன் கோப்பை இரண்டும் கிடைத்தன. 1979 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக அவர் போட்ட கோல்தான் ஆட்டத்தை 3-3 ஆக்கியது. எதிரணியின் கோலில் நின்றவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கோல்கீப்பர் ஷில்டன், சும்மா ஆளில்லை. அப்புறம் பெர்லின், பிரெமன் அணிகள் என்று 1986 வரை அங்கேயே ஆடினார். ஆனால் ஜப்பான் கால்பந்துப் புகழரங்கில் இடம் கிடைத்தது 2012-ல்தான். ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஜே-லீக்கின் ஆட்டங்கள் 1993-ல்தான் தொடங்கின. அதற்கு முன் ஆடியவரை யார் நினைக்கிறார்கள்?