ஜெராக்ஸ் தமயந்தி

ஞாயிற்றுக்கிழமை ஓவியக் கண்காட்சியில் நடந்தது பலருக்குத் தெரியும், மறுபடி விரிக்கவில்லை. நான் வரைந்த தமயந்தி படத்தின் முன்னால் நின்று, நாலு பேர் காதில் விழும்படி, "இதுக்கு ஜெராக்ஸ் கடைக்கே போயிருக்கலாமேம்மா" என்றார் அந்தப் பெரிய ஓவியர். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ரவிவர்மாவின் 'அன்னமும் தமயந்தியும்' படத்தை எட்டு மாதமாகப் பார்த்து வரைந்தேன். யாரைப் பார்த்து வரைந்தேன் என்று படத்தின் கீழேயே எழுதியும் வைத்திருந்தேன். பார்த்து வரைவது நகல் எடுப்பது இல்லை. எண்ணெய் வண்ணத்தை வேறு எப்படிப் படிப்பதாம்? அடிப்பூச்சை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, மேலே போகப் போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். முதல் தடவை நான் தலைகீழாகச் செய்தேன். மூன்றே மாதத்தில் புடவை முழுக்கக் கோடை வயல் மாதிரி வெடித்துவிட்டது. ஜெராக்ஸ் மெஷினுக்கு இந்தக் கவலை உண்டா?

கையின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தேன். யாரிடமோ அடி வாங்கியவள் மாதிரி ஆனாள் தமயந்தி. சுரண்டிவிட்டு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் துளி பச்சை சேர்த்த பிறகுதான் கை கையானது. அன்னத்துக்கு மட்டும் இருபது நாள். வெள்ளைப் பறவைதானே என்று வெள்ளையை அப்பினால் பஞ்சு மூட்டை! சிவப்புப் புடவைக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

பார்த்து வரைந்தால் சொந்தக் கற்பனை செத்துவிடும் என்பார்கள். பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் 1628இல் ஸ்பெயினின் மாட்ரிட் போனபோது அவருக்கு வயது 51, ஐரோப்பா முழுக்கப் பெயர். அங்கே அவருக்கு முந்திய காலத்து இத்தாலிய ஓவியர் டிஷியனின் ஆதாம் ஏவாள் படத்தைப் பார்த்து வரைந்தார், கூடவே ஒரு கிளியையும் சேர்த்தார். இரண்டு படங்களும் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செத்ததா கற்பனை?

'நீ ரூபன்ஸா?' இல்லை சாமி. பகலெல்லாம் கணக்கு எழுதுகிறவள். அதனால்தான் பார்த்து வரைகிறேன்.

நகல் போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள், சரி. நான் விலைச்சீட்டே வைக்கவில்லை.

அந்தப் பெரிய ஓவியரின் மகள் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போயிருந்தேன். அதே அலாரிப்பு, குரு சொல்லிக்கொடுத்த அதே அடவு. எவரும் ஜெராக்ஸ் என்று சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன்.

உண்மையில் தமயந்தியின் விரல்கள் இன்னும் சரியில்லை. விரல் மூட்டு எங்கே மடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பேன். விரல் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.