வாரத்தில் நாலு மணி நேரம் அவளை விடுங்கள்

காரைக்குடி, கல்லல், தேவகோட்டைப் பக்கம் பட்டாளத்தார் வீடு என்றால் ஊருக்கு ஞாபகம் வருவது பென்ஷனும் கேன்டீன் கார்டும்தான். அந்த வீட்டில் தண்டுவடம் அடிபட்டுப் படுத்திருப்பவரையும், பக்கவாதம் வந்தவரையும், ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து கத்துபவரையும் பார்த்துக்கொள்கிற மனைவியையோ மருமகளையோ யாரும் கேட்பதில்லை. சொந்தத்தில் கல்யாணம் என்றால்கூட மொய்க்கவர் மட்டும்தான் போகும், அவள் போகமாட்டாள்.

இந்த வீடுகளில் மாற்று ஆளைத் தேடுவதே அவள் காய்ச்சலில் விழுந்த அன்றைக்குத்தான். பதறிப்போய் யாரையோ கூட்டிவருவார்கள். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ரெண்டே நாளில் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகிவிடும். "பார்த்தீங்களா, நான் நகந்தா இப்படித்தான்" என்று அதன்பிறகு அவள் வாசற்படி தாண்டமாட்டாள். திட்டமில்லாமல் ஆள் வைத்ததுதான் தப்பு. பழி மட்டும் ஓய்வின் மேல் விழுகிறது.

அமெரிக்காவில் படைவீரர் நலத்துறையே ஆண்டுக்கு 30 நாள் வரை மாற்றுப் பராமரிப்பு தருகிறது. வீட்டுக்கு ஆள் வரும், பகல்நேர மையத்தில் விடலாம், நர்சிங் இல்லத்திலும் தங்கவைக்கலாம். அங்கேயும் பல குடும்பங்கள் அதைத் தொடுவதில்லை. வேற்றாளிடம் விட மனசு வராது, விட்டுவிட்டுப் போனால் குற்ற உணர்ச்சி. ஆக, காசு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. நமக்கு அந்த ஏற்பாடும் கிடையாது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமாக 2003-ல் வந்த ஈ.சி.எச்.எஸ். மருந்து தருகிறது, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்க என்று அதில் தனியாக ஒன்றும் இல்லை. இது பெரிய ஓட்டை என்றுதான் சொல்வேன்.

அந்த ஓட்டை அடைபடும்வரை வீட்டளவில் செய்யக்கூடியது, நல்ல நாளிலேயே சின்னதாகத் தொடங்குவது. முதல் ரெண்டு வாரம் மாற்று ஆள் வரும்போது அவளும் கூடவே இருக்கட்டும். அந்த ஆள் செய்யட்டும், இவள் பார்க்கட்டும். மூன்றாவது வாரம் ஒரு மணி நேரம் பக்கத்துத் தெருவுக்குப் போய்வரட்டும். பிறகு நாலு மணி நேரம், அதுவும் வாராவாரம் ஒரே கிழமை. கிழமை மாறினால் படுத்திருப்பவர் பதறுவார். பட்டாளத்தில் இருந்தவருக்கு நேரம் தவறினாலே கோபம் வரும், அது தெரிந்ததுதானே.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கட்டில் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் படுத்திருக்கிறார், சிறுநீர் எவ்வளவு வந்தது, கடைசியாக மலம் போன நாள் எது என்று எழுத வேண்டும். உணர்ச்சியில்லாத உடம்பை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். குதிகாலையும் இடுப்புக்குக் கீழே எலும்பு முட்டும் இடத்தையும் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிறுநீர்க் குழாயில் மாட்டியிருக்கும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். தூக்கும்போது வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள், அப்போது சிறுநீர் திரும்பி ஏறிக் கிருமி தொற்றும். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும் முகத்தில் வேர்வையும் வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ரத்த அழுத்தம் எகிறியிருக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரிசெய்தும் அடங்கவில்லை என்றால் 108-தான். மாற்று ஆளுக்கு வேறெது தெரியாவிட்டாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ராத்திரி அலறுபவரைத் தோளைத் தொட்டு எழுப்பக் கூடாது. கைக்கு எட்டாத தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வெடிச் சத்தம் கேட்கும் தீபாவளி வாரத்தில் புது ஆளை விடவே வேண்டாம்.

நம் வீடுகளுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும், நிலைப்படிகள் உயரம், குளியலறை கொல்லையில். தெரியாத ஆள் சக்கர நாற்காலியை முன்பக்கமாக உருட்டிப் படியில் இறக்கினால் ஆள் முகங்குப்புற விழுவார். நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் இறங்க வேண்டும். முடிந்தால் கட்டிலை வளவிலேயே, அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியிலேயே போட்டு, படுக்கையிலேயே உடம்பு துடைப்பது உத்தமம்.

ஆளுக்கு எங்கே போவது? கிராமத்தில் நர்ஸ் கிடைக்காவிட்டாலும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்ட்டும் வலிநிவாரண நர்ஸும் இருக்கிறார்கள். நாலு மணி நேரம் உட்காரமாட்டார்கள். ஆனால் அவர்கள் வரும் நாளில் மாற்று ஆளையும் பக்கத்தில் நிறுத்தித் திருப்பிப் படுக்கவைக்கப் பழக்கிக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள்.

சம்பளத்துக்கு ஒரு வழி இருக்கிறது, பலர் கேட்பதே இல்லை. 100 சதவீத ஊன ஓய்வூதியம் வாங்குபவருக்கு எப்போதும் ஆள் துணை தேவை என்று மருத்துவக் குழு பரிந்துரைத்தால் உதவியாளர் படி உண்டு. 2017 ஜூலையில் அதை மாதம் 6,750 ரூபாயாக உயர்த்தினார்கள். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இது 25 சதவீதம் ஏறும். பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வை எடுத்துப் பாருங்கள். அதில் படி இல்லையென்றால் மருத்துவக் குழு அறிக்கையோடு சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, அவருடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். படி வந்தால் அதைப் பலசரக்குக் கணக்கில் சேர்க்காமல் மாற்று ஆளுக்கென்று தனியாக ஒதுக்குங்கள்.