வியன்னா பேராலய இசைக்குழுவை மொஸார்ட் தலைமை தாங்கினாரா?

“வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலய இசைக்குழுவின் தலைவராக இருந்தபடியே மொஸார்ட் மறைந்தார், அந்த ஆலயத்துக்காகத்தான் இரங்கல் திருப்பலி இசையை எழுதினார்” என்று ஒரு செய்தி பரவுகிறது. இரண்டுமே தவறு.

தலைவர் பதவியில் இருந்தவர் லியோபோல்ட் ஹோஃப்மன். அவர் நோயுற்றிருந்தபோது, சம்பளமே வேண்டாம், தலைவருக்கு உதவியாளராக இருக்கிறேன் என்று நகராட்சிக்கு விண்ணப்பித்தார் மொஸார்ட். 1791 மே மாதம் அனுமதி கிடைத்தது: இப்போது ஊதியமில்லை, ஹோஃப்மனுக்குப் பின் பதவி அவருக்கே. உலகமே கொண்டாடும் கலைஞர் இப்படிக் காத்திருந்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஹோஃப்மன் குணமடைந்து 1793 வரை வாழ்ந்தார். மொஸார்ட்டோ 1791 டிசம்பர் 5 அன்று, 35 வயதில் காலமானார். பதவி ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்ற இசையமைப்பாளருக்குப் போனது.

அந்த இரங்கல் இசையும் வால்செக் பிரபு, இறந்த தம் மனைவியின் நினைவாகப் பணம் கொடுத்து எழுதச் சொன்னது.